பழைய ஜீப்புக்கு டிஃப் லாக்: முன் அச்சிலா, பின் அச்சிலா? ராமநாதபுரம் கடற்கரைக்கான முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில் டிராக்டர் ஓட்டத் தெரிந்தவரிடம் டிஃப் லாக் (டிஃபரன்ஷியல் லாக்) என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கண்மாய் வயலில் ஒரு பின்சக்கரம் வழுக்கிச் சுற்றத் தொடங்கியதும் ஒரு பெடலை மிதிப்பார். இரண்டு பின்சக்கரங்களும் ஒன்றாக இறுகும். வண்டி சேற்றைவிட்டு ஏறிவிடும். வரப்போரம் திருப்புவதற்கு முன் காலை எடுத்துவிடுவார். எப்போது போட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு மிதியில் அடங்கிவிட்டது.

பழைய ஜீப்போ மாருதி சுசுகி ஜிப்ஸியோ வைத்திருப்பவர்கள்தான் இதே கருவியை முன் அச்சில் போடுவதா, பின் அச்சில் போடுவதா என்று மாதக்கணக்கில் குழம்புகிறார்கள். அவர்கள் படிப்பதும் பார்ப்பதும் பெரும்பாலும் பாறை ஏறுகிறவர்களின் அனுபவம். நம் கரையில் ஏறுவதற்குப் பாறை கிடையாது. மணல், களிச்சேறு, உப்புத் தரவை, கண்மாய்க் கரை, வாய்க்கால் ஆகியவைதான் நம் தடைகள். ஆகவே கணக்கும் வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் ஓடும் பழைய வண்டிக்கு ஒரே ஒரு லாக் போடுவதென்றால் பின் அச்சில் போடுங்கள். ஓட்டுநர் வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது எடுக்கக்கூடிய வகையாக இருக்கட்டும். முன் அச்சு லாக் தேவைப்படுகிறவர்கள் இங்கே மிகச் சிலர். எந்த லாக்கும் தேவையில்லாதவர்கள் அவர்களைவிடப் பலர். நீங்கள் எந்த வகை என்று கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ள படிகள்.

முதல் படி: எந்தத் தரையில் ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள்

மாவட்டத்தின் கரை இரண்டு முகம் கொண்டது. சாயல்குடி, வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம் வழியாக மண்டபம் வரை மன்னார் வளைகுடாப் பக்கம் மணல் அதிகம். தேவிபட்டினம், மோர்ப்பண்ணை, காரங்காடு, தொண்டி என்று பாக் நீரிணைப் பக்கம் போனால் ஆழமில்லாத கடலும் அலையாத்தியும் களிச்சேறும். உள்ளே முதுகுளத்தூர், கமுதி பக்கம் கரிசல். காய்ந்தால் கட்டாந்தரை, நனைந்தால் டயரைச் சுற்றி அப்பிக்கொள்ளும் பசை.

மணலில் பொதுவாக இடது, வலது இரண்டு சக்கரங்களுக்கும் ஏறக்குறைய ஒரே பிடிதான் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் வழுக்குவது குறைவு. புதைந்தால் இரண்டும் சேர்ந்தே புதையும். ஆகவே தூய மணலில் லாக் தரும் லாபம் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. அங்கே பேசுவது டயரின் காற்றுதான். தனுஷ்கோடி இதற்குச் சாட்சி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த அந்த ஊருக்கு, 2017-இல் அரிச்சல்முனை வரையிலான சாலை திறக்கப்படும்வரை, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து ஜீப்புகளும் வேன்களும்தான் மணலிலும் தேங்கிய நீரிலும் ஆட்களை ஏற்றிப் போயின. அவற்றை நகர்த்தியது தடம் பார்க்கத் தெரிந்த ஓட்டுநரின் கண்.

களிச்சேற்றில் கதை மாறுகிறது. ஒரு சக்கரம் குழியில், மற்றது கோரைப்புல் திட்டில் என்று நிற்கும்போது லாக் இல்லாத வண்டி அசையாது. லாக் போட்ட வண்டி வெளியே வந்துவிடும். வாய்க்காலைக் குறுக்காகக் கடப்பதும் அப்படித்தான். பட்டை ஸ்பிரிங் வைத்த பழைய ஜீப் இறுக்கமானது. ஒரு மூலை இறங்கினால் எதிர் மூலைச் சக்கரம் சீக்கிரமே தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். நீளமாக மடங்கி நீளும் ஸ்பிரிங் வைத்த வண்டியைவிட இந்த வண்டிக்குத்தான் லாக் கூடுதலாக உதவும்.

உப்புத் தரவை தனி ரகம். மேலே வெள்ளையாகக் காய்ந்த ஏடு, அடியில் கூழ். ஏடு உடைந்துவிட்டால் லாக் போட்ட வண்டி இரண்டு சக்கரத்தாலும் தோண்டி அச்சுவரை உட்கார்ந்துவிடும். அங்கே லாக் உங்களைக் காப்பாற்றாது. இறங்காமல் சுற்றிப் போவதுதான் வழி.

இதோடு ஒன்று. ஓட்டக்கூடிய இடம், ஓட்டக்கூடாத இடம் என்ற பிரிவு இந்தக் கரையில் கண்டிப்பானது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தனுஷ்கோடிப் பகுதி 2025-இல் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. பங்குனி ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் கரை மணலில் ஒரு டயர் தடம்கூடக் குஞ்சுக்குப் பள்ளம். கடலுக்குப் போக வேண்டிய குஞ்சு அதற்குள் மாட்டிக்கொள்ளும். வனத்துறை அனுமதி இல்லாத கரையில் வண்டியை இறக்காதீர்கள். நான் இங்கே பேசுவது மீனவர் குப்பத்துப் பாதை, தோப்பு வழி, உப்பளச் சாலை, கண்மாய்ப் பாதை, சொந்த நிலம் ஆகியவற்றைப் பற்றி மட்டும்.

இரண்டாம் படி: லாக்குக்கு முன் செய்ய வேண்டியவை

மணலுக்கு இறங்கும்முன் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையுங்கள். மிகத் தளர்ந்த மணல் என்றால் 15. அதற்குக் கீழே போனால் மெதுவாக ஓட்ட வேண்டும். வெடுக்கென்று திருப்பினால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். காற்று குறையும்போது டயர் அகலமாவதைவிட நீளவாக்கில் கூடுதலாகத் தரையைத் தொடுகிறது. வண்டி மணலைத் தோண்டாமல் மேலே மிதந்து போவது அதனால்தான். தார்ச்சாலை ஏறியதும் திரும்ப நிரப்புங்கள். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். சீமைக்கருவேல முள் நிறைந்த நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயமல்ல; பஞ்சர் போடும் சாமான்களை வண்டியிலேயே வைத்திருங்கள்.

அடுத்து உங்கள் 4x4, அதாவது நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுக்கும் அமைப்பு, உண்மையில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். வாங்கியதிலிருந்து முன் அச்சுக்கு விசை போகவே போகாத ஜீப்புகள் உண்டு. முன்சக்கரத்தை ஷாஃப்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் ஃப்ரீ வீலிங் ஹப் துருவேறி நின்றிருக்கும். வெளியே குமிழ் திரும்பும், உள்ளே பல் சேராது. நான்கு சக்கரத்தையும் ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றி, 4x4 போட்டு, முன் அச்சுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றுகிறதா, சக்கரத்துக்கு விசை சேர்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம்.

இந்த இரண்டையும் செய்துவிட்டு ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் மாட்டிக்கொள்கிறீர்கள் என்றால், எப்படி மாட்டினீர்கள் என்று கவனியுங்கள். ஒரு சக்கரம் சுற்ற மற்றது சும்மா நின்றதா? அப்படியானால் லாக் உதவும். நான்கும் சுற்றின, வண்டியின் வயிறு தரையில் உட்கார்ந்தது என்றால் லாக் ஒன்றும் செய்யாது. டயரும் உயரமும்தான் பிரச்சினை.

மூன்றாம் படி: உள்ளே நடப்பது என்ன

அச்சின் நடுவில் இருந்து இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பற்சக்கர அமைப்புதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் முறுக்கைச் (சுழற்றும் விசையை) சமமாகவே பிரிக்கும். கேட்க நல்லதாக இருக்கிறது, கெடுதலும் அங்கேதான். சேற்றில் நிற்கும் சக்கரம் 10 பங்கு முறுக்கைத்தான் தாங்கி வழுக்கிவிடுகிறது என்றால், கட்டாந்தரையில் நிற்கும் மறுசக்கரத்துக்கும் 10 பங்குதான் கிடைக்கும். 4x4 போட்டாலும் இது மாறாது. டிரான்ஸ்ஃபர் பெட்டி முன் அச்சையும் பின் அச்சையும் இணைக்கிறது. ஒவ்வோர் அச்சுக்குள்ளும் இடது வலது இன்னும் தளர்வாகவே இருக்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரம் பிடியிழந்தாலே வண்டி நின்றுவிடும்.

லாக் போட்டதும் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். பிடி இருக்கும் சக்கரம் தாங்குகிற அளவு முறுக்கு அதற்குப் போகும். ஒரு சக்கரம் அந்தரத்தில் என்றால் அந்த அச்சின் முழு முறுக்கும் ஒரே ஆக்ஸில் ஷாஃப்ட் (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) வழியாகப் போகும். முன்பு பாதியைத் தாங்கிய ஷாஃப்ட் இப்போது முழுவதையும் தாங்குகிறது. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்திருங்கள். முன்னா பின்னா என்ற கேள்விக்கான விடையில் பாதி இதில் இருக்கிறது.

உங்கள் வண்டியில் இப்போது இருப்பது எது என்று அறிய, பின் அச்சை முழுவதும் தூக்கி நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல். இரண்டும் ஒரே திசையில் சுற்றினால் முந்தைய உரிமையாளர் ஏதோ போட்டிருக்கிறார், அல்லது உள்ளே வெல்டிங் அடித்துவைத்திருக்கிறார். இரண்டாவதும் நடக்கக்கூடியதே, ஏலத்தில் எடுத்துக் கைமாறி வந்த வண்டிகளில் கட்டாயம் சோதியுங்கள்.

நான்காம் படி: பின் அச்சா, முன் அச்சா

ஏற்றத்தில் எடை பின்னால் சாய்கிறது. மணல்மேடு ஏறும்போதும், கண்மாய்க் கரைமேல் ஏறும்போதும், நாட்டுப்படகைக் கயிறு கட்டிக் கரையேற்றும்போதும் தரையை அழுத்துவது பின்சக்கரங்களே. பிடி எங்கே அதிகமோ அங்கே லாக் இருந்தால்தான் பயன். பின்னால் ஆளோ வலையோ ஏற்றியிருந்தால் இந்தக் கணக்கு இன்னும் கூடும்.

பின் ஷாஃப்ட் நேரானது. திரும்பும் மூட்டு எதுவும் அதில் இல்லை. முன் அச்சில் சக்கரம் திரும்ப வேண்டும் என்பதால் பழைய ஜீப்பில் யூ ஜாயிண்ட், ஜிப்ஸியில் பந்து வைத்த சி.வி. ஜாயிண்ட். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்த நிலையில் இந்த மூட்டுகள் மிகப் பலவீனமானவை. முழு முறுக்கும் ஒரே ஷாஃப்டில் போகிறது என்றோமே, அது திருப்பி வைத்த மூட்டின் வழியே போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மூட்டு உடைந்தால் ஊருக்குத் திரும்பும்வரை பின்சக்கர விசை மட்டும்தான்.

மூன்றாவது, ஸ்டீயரிங். முன் அச்சை லாக் செய்தால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். லாக் அதை விடாது. பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய ஜீப்பில் மணலுக்குள் இப்படி ஓட்டினால் தோள்பட்டை கழன்றுவிடும். பனந்தோப்புகளுக்குள் வளைந்து வளைந்து போகும் நம் பாதைகளுக்கு இது ஒத்துவராது.

அப்படியானால் முன் லாக் யாருக்கு? செங்குத்தான படியில் முன்சக்கரத்தை மோதி ஏற்ற வேண்டியவர்களுக்கு. பின்சக்கரம் பள்ளத்தில் விழுந்த பிறகு முன்சக்கரம் இழுத்துக்கொடுக்க வேண்டிய இடங்களுக்கு. சரிவில் பின்னோக்கி ஏற வேண்டியவர்களுக்கு. பின்னோக்கி ஏறும்போது எடை முன் அச்சின்மேல் சாயும் அல்லவா? வெட்டிய ஓடைகளை அடிக்கடி கடக்கிறவர், ஏற்கெனவே பின் லாக் போட்டும் போதவில்லை என்று உறுதியாகத் தெரிந்தவர் போடலாம். ஃபோர்ஸ் குர்கா முன்னும் பின்னும் லாக்கோடு ஆலையிலிருந்தே வருகிறது என்று சிலர் வாதாடுவார்கள். உண்மை; ஆனால் அந்த அச்சுகள் லாக்கோடு சேர்த்து வடிவமைக்கப்பட்டவை. தேய்ந்த மூட்டோடு ஓடும் உங்கள் ஜீப்பின் முன் அச்சு அப்படியல்ல.

பின் லாக்குக்கும் ஒரு குறை உண்டு. நம் ஊரில் அது முக்கியம். கண்மாய்க் கரை மழையில் நனைந்து வழவழவென்று இருக்கும்போது, ஒரு பக்கம் சாய்ந்தபடி போகிறீர்கள் என்று வையுங்கள். லாக் இல்லாத அச்சில் ஒரு சக்கரம் சுற்றினாலும் மறுசக்கரம் பிடித்து நிற்கும். வண்டி பக்கவாட்டில் நகராது. லாக் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து சுற்றும். பக்கவாட்டுப் பிடி இரண்டிலும் போய்விடும். வண்டியின் பின்புறம் தண்ணீர்ப் பக்கமாகச் சரியும். ஆகவே சாய்வான கரையில் லாக்கை எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். எடுக்க முடியாத வகை லாக்கை நான் பரிந்துரைக்காததற்கு முதல் காரணம் இந்தக் கரைகள்தான்.

ஐந்தாம் படி: எந்த வகை

வெல்டிங் அடிப்பது, அல்லது ஸ்பூல் எனப்படும் முழுக்கட்டி. எப்போதும் லாக். தார்ச்சாலையில் டயர் தேயும், ஷாஃப்ட் முறுகும், ஈரச் சாலையில் பின்புறம் வழுக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் போக வேண்டிய வண்டிக்கு இது வேண்டவே வேண்டாம். இதற்குமேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

தானாகப் பூட்டும் வகை. டிஃபரன்ஷியலின் சிறு பற்சக்கரங்களைத் தாங்கும் கூட்டை கேஜ் என்பார்கள். இருக்கும் கேஜுக்குள் அந்தச் சிறு பற்சக்கரங்களான சன் கியரையும் ஸ்டார் பினியனையும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்தும் சிறிய லாக்கரை லஞ்ச்பாக்ஸ் லாக்கர் என்பார்கள்; ஆஸி லாக்கர், லாக் ரைட் போன்றவை. முழு கேஜோடு வரும் டெட்ராய்ட் லாக்கரும் இந்த இனமே. விசை கொடுக்கும்போது இறுகும், வளைவில் வெளிச்சக்கரம் முந்தினால் கட்கட்டென்று விடுபடும். லஞ்ச்பாக்ஸ் வகையில் கிரௌன் பினியன் அமைப்பை (புரொப்பல்லர் ஷாஃப்டின் சுழற்சியை அச்சுக்குத் திருப்பும் பெரிய, சிறிய பற்சக்கர ஜோடியை) தொட வேண்டியதில்லை. செலவு மற்றவற்றைவிடக் குறைவு. நீளம் குறைந்த பழைய ஜீப்பின் பின் அச்சில் இதைப் போட்டால், வளைவில் காலை எடுத்து மீண்டும் அழுத்தும்போது வண்டி ஒரு பக்கம் வெட்டி இழுக்கும். மழையில் இது ஆபத்து.

இங்கேதான் முன் அச்சுக்குச் சாதகமான ஒரே உறுதியான வாதம் வருகிறது. ஃப்ரீ வீலிங் ஹப் இருக்கும் வண்டியில் லஞ்ச்பாக்ஸ் லாக்கரை முன் அச்சில் போட்டு ஹப்பைத் திறந்துவிட்டால், சாலையில் அது இருப்பதே தெரியாது. கையில் காசு குறைவு, சாலை ஓட்டம் அதிகம், சேறு எப்போதாவதுதான் என்றால் இந்த வழி நியாயமானது. மணலில் 4x4 போட்டதும் ஸ்டீயரிங் கனக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். ஹப் இல்லாத வண்டிக்கு இந்த யோசனை பொருந்தாது.

சுழற்சி வேறுபாட்டை உணர்ந்து பூட்டும் வகை. 2015-இல் புதுப்பிக்கப்பட்ட மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. வண்டியின் பின் அச்சில் வந்த ஈட்டன் மெக்கானிக்கல் லாக் இதுதான். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபாடு வந்தால் பூட்டிக்கொள்ளும். சுமார் 30 கி.மீ. வேகத்துக்கு மேல் பூட்டாது. சாலைக்கு நல்லது, பராமரிப்பும் குறைவு. ஆனால் பூட்டுவதற்கு முன் சக்கரம் சுற்றியாக வேண்டும். தளர்ந்த தரையில் அந்தச் சுற்றுக்குள்ளேயே குழி விழுந்துவிடுகிறது. உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். தேடிப் போய் வாங்க வேண்டாம்.

கிளட்ச் தகடு வைத்த லிமிடெட் ஸ்லிப், பற்சக்கரம் மட்டும் வைத்த ட்ரூட்ராக் போன்றவை பாதி வழி. சக்கரம் முழுவதும் அந்தரத்தில் தொங்கும்போது ட்ரூட்ராக் கைவிட்டுவிடும். பிரேக்கை லேசாக மிதித்து ஏமாற்ற வேண்டும். நெடுஞ்சாலை ஓட்டமே அதிகம் என்பவருக்கு ஏற்றது.

கடைசியாக, ஓட்டுநர் விரும்பும்போது போடும் வகை. காற்று, மின்சாரம், கேபிள் என மூன்று வழிகளில் இயங்கும். டிராக்டர் பெடலின் உறவினர் இதுதான். நம் கரைக்கு நான் சொல்வது காற்றில் இயங்கும் வகை, ஏ.ஆர்.பி. ஏர் லாக்கர் இதில் பெயர் பெற்றது. லாக்குக்காகப் பொருத்தும் கம்ப்ரசரிலேயே டயருக்கும் காற்று நிரப்பலாம். மணலுக்கு இறங்கக் காற்றை விட்டவர், ஏறியதும் நிரப்பியாக வேண்டும். பெட்ரோல் பங்க் பக்கத்தில் இருக்காது. ஒரே செலவில் இரண்டு தேவை தீர்கிறது. கம்ப்ரசரை வண்டிக்குக் கீழே மாட்டாதீர்கள். இருக்கைக்கு அடியில், உப்புக்காற்றும் நீரும் படாத இடத்தில் வையுங்கள். காற்றைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்வும் அங்கேயே இருக்கட்டும்.

மின்சார வகை பொருத்த எளிது. ஆனால் அச்சருகே வரும் கம்பி இணைப்பில் உப்பு ஏறினால் பச்சையாகப் பூத்துப்போகும். தேவையான நேரத்தில் போடாது. கேபிள் வகையில் மின் சிக்கல் இல்லை. கேபிள் உறைக்குள் நீர் புகுந்தால் துருப்பிடித்து இறுகும். எதை எடுத்தாலும் உப்போடு சண்டைதான். எந்தப் பாகத்தை வீட்டிலேயே பிரித்துத் துடைக்க முடியும் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

ஆறாம் படி: வாங்கும்முன் அளந்துகொள்ளுங்கள்

பழைய வண்டிகளில் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மாடலை நம்பி லாக்கர் வாங்குவது வீண்செலவுக்கு வழி. முப்பது வருடத்தில் அச்சு மாறியிருக்கும், பினியன் மாறியிருக்கும். அச்சின் நடுவில் டிஃபரன்ஷியலை மூடியிருக்கும் ஹௌசிங்கின் மூடியைக் கழற்றி நேரில் பாருங்கள். மூடி இல்லாத வகை அச்சாக இருந்தால் ஷாஃப்டை இழுத்து, டிஃபரன்ஷியல் தலையைக் கழற்றித்தான் பார்க்க முடியும்.

கிரௌன் வீல் பற்களை எண்ணிப் பினியன் பற்களால் வகுத்தால் விகிதம். பழைய ஜீப்புகளில் 43-க்கு 8 என்பது வழக்கமான ஜோடி, விகிதம் 5.375. டேனா என்ற அமெரிக்க நிறுவனத்தின் வழி வந்த அச்சுகளில் விகிதத்தைப் பொறுத்துக் கேஜ் மாறும். தவறான கேஜ் வாங்கினால் கிரௌன் வீல் பினியனோடு சேராது. ஷாஃப்டின் நுனியில் வெட்டியிருக்கும் ஸ்பிளைன் பற்களை எண்ணுங்கள். ஜீப்பின் மூலமான அமெரிக்க வில்லிஸ் வண்டியின் வழி வந்த பழைய அச்சுகளில் 10 பற்கள் உண்டு, பிந்தையவற்றில் 19, 30 என்று வரும். சுசுகி அச்சுகளிலும் இயந்திரத்தின் காலத்தைப் பொறுத்து வேறுபடும். எண்ணி எழுதிப் படம் எடுத்து விற்பவருக்கு அனுப்புங்கள். பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.

ஸ்பிளைன் பல் ஒரு பக்கமாக முறுகித் திருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். முறுகியிருந்தால் அந்த ஷாஃப்ட் ஏற்கெனவே களைத்துவிட்டது. லாக்கர் வாங்கும் பட்ஜெட்டில் புது ஷாஃப்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு பேரிங், ஆயில் சீல், யூ ஜாயிண்ட் கிராஸ். சாமான் விலையைவிட இந்த உதிரிச் செலவுதான் பலரை நடுவழியில் நிறுத்துகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

ஏழாம் படி: பொருத்துவது

லஞ்ச்பாக்ஸ் வகை என்றால் கவனமான உள்ளூர்ப் பட்டறையே போதும். உள்ளே இரண்டு பாதிகளுக்கும் இடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்து, உற்பத்தியாளர் தாளில் உள்ள எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிஃபரன்ஷியல் கேஜ் தேய்ந்திருந்தால் இடைவெளி கூடிவிடும். அப்போது பற்கள் முழுதாகச் சேராமல் ஏறி ஏறித் தாவும்.

முழு கேஜ் மாற்றும் வகைக்குக் கிரௌன் பினியன் அமைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். சத்தம் கேட்டு அமைக்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். டயல் கேஜ் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கிரௌன் வீலுக்கும் பினியனுக்கும் இடையிலான பேக்லாஷ் (பற்களுக்கு இடையே உள்ள ஆட்டம்) இந்த அளவு அச்சுகளில் பொதுவாக 0.15 முதல் 0.25 மி.மீ. வரை, உங்கள் அச்சுக்கான சரியான அளவைச் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பற்களில் நீலச்சாயம் பூசிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் விழுந்தால் ஷிம் எனும் மெல்லிய தகட்டை மாற்றி மறுபடி. இதில் அவசரப்பட்டால் சில நூறு கிலோமீட்டரிலேயே ஊளைச் சத்தம் வரும்.

காற்றுக்குழாயை ஹௌசிங்கிலிருந்து சேஸிஸ்வரை கொண்டுவரும்போது அச்சு மேலும் கீழும் ஆடும் தூரத்துக்குத் தளர்ச்சி விடுங்கள். புகைக்குழாய் அருகே போகக் கூடாது; உருகும். அதே நேரத்தில் அச்சுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயையும் நீட்டி பானட்டுக்குள் உயரத்தில் கட்டிவிடுங்கள். சூடான அச்சு தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாக நீரை உறிஞ்சும். கடல்நீர் என்றால் பேரிங் வெகுநாள் தாங்காது.

முடிந்ததும் வண்டியைத் தூக்கி நிறுத்திச் சோதியுங்கள். ஓட்டுநர் போடும் வகையில் நியூட்ரலில் லாக் போட்டால் இரண்டு சக்கரமும் ஒரே திசையில் சுற்ற வேண்டும், எடுத்தால் எதிரெதிராக. தானியங்கி வகையில் வண்டியைக் கியரில் நிறுத்தி, ஒரு சக்கரத்தை ஒரு திசையில் இறுகும்வரை திருப்பி ஒருவர் பிடித்துக்கொள்ள, மறுசக்கரத்தை எதிர்த்திசையில் திருப்பினால் கட்கட்டென்று சுற்ற வேண்டும். அதே திசையில் திருப்பினால் இறுகி நிற்க வேண்டும்.

எட்டாம் படி: ஓட்டப் பழகுவது

வரிசை இதுதான்: ஹப், காற்று, 4x4, லோ கியர், பின் லாக். முன் லாக் இருந்தால் அது கடைசி. தடைக்கு முன்பே, வண்டி மெதுவாக நேராகப் போகும்போது லாக்கைப் போடுங்கள். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது போட்டால் பற்கள் மோதும். பழைய ஷாஃப்ட் அந்த அடியில்தான் உடையும்.

லோ கியரில் ஆக்ஸிலரேட்டரை வெடுக்கென்று அமுக்காதீர்கள். வில்லிஸ் வழி டிரான்ஸ்ஃபர் பெட்டியின் லோ விகிதம் 2.46; முதல் கியரும் கிரௌன் பினியனும் அதற்குமேல் பெருக்கும். சின்ன டீசல் இன்ஜின்கூட இந்தப் பெருக்கத்தில் ஷாஃப்டை முறுக்கிவிடும்.

தடை கடந்ததும் லாக்கை எடுங்கள். லாக்கைக் காட்டும் விளக்கு அணைந்தும் ஸ்டீயரிங் கனமாக இருந்தால் உள்ளே முறுக்கு தேங்கியிருக்கிறது. சிறிது பின்னால் வந்தாலோ இடமும் வலமுமாக லேசாகத் திருப்பினாலோ விடுபடும். தார்ச்சாலையில் லாக்கோடு ஒரு முனைகூடத் திரும்ப வேண்டாம்.

லாக் இருக்கிறது என்ற துணிச்சலில் தனியாகப் போகிறவர்களைப் பார்க்கிறேன். லாக் போட்ட வண்டி மற்றவற்றைவிட இன்னும் உள்ளே போய்த்தான் மாட்டும். இழுக்க வருகிறவனும் அவ்வளவு தூரம் வர வேண்டும். மண்வெட்டி, இழுவைக் கயிறு, இன்னொரு வண்டி ஆகிய மூன்றும் இல்லாமல் இறங்காதீர்கள். புதைந்தால் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு இறங்கி, சக்கரத்தின் முன் மணலைச் சரித்துப் பனைமட்டையை ஓலையோடு போடுங்கள். வாங்கி வைத்த பிளாஸ்டிக் பலகை செய்யும் வேலையை அது ஓசியில் செய்யும்.

ஒன்பதாம் படி: உப்பைக் கழுவுவது

கரைப்பக்கம் போய்வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அழுத்தமான பீய்ச்சலை ஆயில் சீல் மேலும் பிரீதர் மேலும் நேராக அடிக்க வேண்டாம். நீரை நீங்களே உள்ளே தள்ளுவீர்கள்.

தண்ணீரில் இறங்கியிருந்தால் மறுநாள் காலை, எண்ணெய் அசையாமல் இருக்கும்போது, ஹௌசிங்கின் கீழ் போல்ட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். முதலில் நீர்த்துளி வந்தாலோ, எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்திருந்தாலோ முழுவதையும் மாற்றியாக வேண்டும். ஜி.எல்.5 தர எண்ணெய், லாக்கர் உற்பத்தியாளர் சொல்லும் தடிமனில். லிமிடெட் ஸ்லிப்புக்கான வழுக்கு மருந்தை, உற்பத்தியாளர் கேட்டாலன்றி, லாக்கரில் ஊற்ற வேண்டாம்.

மாதம் ஒருமுறை, தேவை இருக்கிறதோ இல்லையோ, மண் பாதையில் நேராகப் போகும்போது லாக்கைப் போட்டு எடுங்கள். ஹப்பையும் அப்படியே. ஆறு மாதம் தொடாத லாக் ஏழாம் மாதம் சேற்றில் நிற்கும்போது போடாது. கம்ப்ரசரை ஓடவிட்டு இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் அங்கே கசிவு. மின் இணைப்புகளில் கிரீஸ் தடவிவிடுங்கள். முதல் 1000 கிலோமீட்டரில் எண்ணெயை ஒருமுறை வடித்து, வடிகால் போல்ட்டின் காந்தத்தில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். கருஞ்சாந்து போன்ற நுண்தூள் இருந்தால் துடைத்துவிட்டு ஓட்டலாம். செதிலாக இரும்புத் துண்டு இருந்தால் வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போங்கள்.